மத்தும் கடைசல் பட்டறையும்

அடுகோடியில் வாழும் நமக்குப் பாலும் வெண்ணெயும் அண்டை வீட்டுச் சமாசாரம். தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் இங்குதான் இருக்கிறது. 1923-ல் பெங்களூரில் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு 1927-ல் காந்தியடிகள் வந்து பசுப் பராமரிப்பைக் கற்றுச் சென்றார். 1955-ல் அதன் தலைமையகம் கர்னாலுக்கு மாறியது. ஆனால் நான் சொல்ல வந்தது நிலையத்தைப் பற்றி அல்ல. வெண்ணெயைத் திரட்டித் தரும் 'கடை' என்ற வினைச்சொல்லைப் பற்றி.

தயிரைக் கடைகிறோம், கீரையைக் கடைகிறோம், பருப்பைக் கடைகிறோம். மரத்தையும் இரும்பையும் கூடக் கடைகிறோம். 'கடைசல் பிடித்த கட்டில் கால்' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். லேத் பட்டறைக்குத் தமிழில் கடைசல் பட்டறை என்றே பெயர். கட்டையோடு கட்டையை உரசித் தீ உண்டாக்கும் கருவிக்குத் தீக்கடைகோல் என்று பெயர். மிகக் கெட்டவனைக் 'கடைந்தெடுத்த அயோக்கியன்' என்கிறோம்!

சமையலறைக்கும் பட்டறைக்கும் என்ன உறவு? ரயில்வேயில் காலம் கழித்த எனக்கு விடை எளிதாகவே தெரிகிறது. தயிர்ப்பானையில் நிற்கும் மத்தைக் கயிறு சுற்றி இழுக்கும்போது அது ஒரு முறை வலமும் மறுமுறை இடமுமாகச் சுழல்கிறது. பழைய கைக்கடைசலும் இதே மாதிரிதான். மரக்கட்டையில் கயிற்றைச் சுற்றி வில்லால் இழுப்பார்கள். ஒரு திசையில் சுழலும்போது மட்டும் உளி சீவும். தீக்கடைகோலும் நின்ற இடத்தில் சுழலும் கோல்தான். ஆக, பொருள் பல என்றாலும் செயல் ஒன்றே.

சுழற்சியால் பாலில் நடப்பது என்ன? பாலின் கொழுப்பு மெல்லிய சவ்வு மூடிய நுண்துளிகளாக மிதக்கிறது. கடையும்போது சவ்வு கிழிந்து துளிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. வெயில் ஏறினால் கொழுப்பு இளகிச் சரியாகத் திரளாது. அதனால்தான் நம் பாட்டிமார் விடியற்காலையில் மத்தை எடுத்தார்கள்.

பட்டறையில் தேய்ந்த ரயில் சக்கரத்தை லேத்தில் ஏற்றி, விளிம்பைச் சீவிச் சரியான வடிவுக்குக் கொண்டுவருவோம். அங்கே திரட்டுவது, இங்கே சீவுவது. இரண்டுமே கடைதல்தான்.

கன்னட அன்பர்களுக்கும் இது சொந்தச் சொல். கடைவதை அவர்களும் 'கடெ' என்பார்கள். மத்து அவர்களுக்குக் 'கடகோலு'. உடுப்பிக் கிருஷ்ணன் கையில் இருப்பது அதுவே. மலையாளத்தில் 'கடகோல்'. நம் வெண்ணெய் (வெண்மை + நெய்) அவர்கள் வாயில் 'பெண்ணெ'. நம் வகரம் அங்கே பகரமாவது வழக்கம்: வேர் 'பேரு', வில் 'பில்லு'. வாங்கும் கடைக்கும் கடைசிக்கும் உரிய 'கடை' வேறு சொல். இதோடு குழப்ப வேண்டாம்.

இன்று என்ன ஆயிற்று? வீட்டில் மிக்ஸி வந்ததும் 'கடை' போய் 'அடி' வந்துவிட்டது. பட்டறையில் 'டர்னிங்' வந்துவிட்டது. இருந்த இரண்டு வீடுகளையும் ஒரே தலைமுறையில் இழந்து நிற்கிறது ஒரு பழைய சொல். கருவி போனால் அதன் சொல்லும் பின்னாலேயே போய்விடும். வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தமிழ் கிடைக்காமல் போகலாம். அடுப்படியில் கிடைக்கும் தமிழையாவது விடலாமா?

ஆகவே ஒரு வேண்டுகோள். பாத்திரக் கடைகளில் மர மத்து இன்னும் விற்கிறார்கள். ஒன்று வாங்கி வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பருப்பைப் பேரன் பேத்தியிடம் கொடுத்துக் கடையச் சொல்லுங்கள். 'மசி' என்றோ 'மிக்ஸ் பண்ணு' என்றோ சொல்லாமல், 'கடை' என்றே சொல்லுங்கள். வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்த கதை நம் மொழிக்கு நேர வேண்டாம்.