காசநோய் ஊசி புற்றுநோய்க்கு மருந்தான கதை

பிறந்த குழந்தையின் இடது தோளில் போடும் பி.சி.ஜி. ஊசி நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அதே பி.சி.ஜி.தான் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் மருந்து என்பது பலருக்குத் தெரியாது.

பிரான்சின் லில் நகரில் கால்மெத், கெரேன் என்ற இருவர் மாட்டுக் காசநோய்க் கிருமியை, பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்கில் 13 ஆண்டுகள், சுமார் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். கிருமிக்கு உயிர் இருந்தது. நோய் உண்டாக்கும் வீரியம் போய்விட்டது. 1921இல் அது பி.சி.ஜி. என்ற தடுப்பு மருந்தானது.

1929இல் அமெரிக்காவில் ரேமண்ட் பேர்ல், பிணப்பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து, காசநோய் கண்டவர்களிடம் புற்றுநோய் குறைவு என்று எழுதினார். 1959இல் லாயிட் ஓல்டு குழுவினர், பி.சி.ஜி. பெற்ற எலிகள் கட்டியை எதிர்த்து நின்றதைக் காட்டினார்கள். 1976இல் கனடாவின் கிங்ஸ்டன் நகர மருத்துவர் அல்வாரோ மொராலெஸ், 9 நோயாளிகளுக்கு அதைச் சிறுநீர்ப்பைக்குள்ளேயே செலுத்திக் கண்ட பலனை வெளியிட்டார். 1990இல் அமெரிக்க அரசு இச்சிகிச்சைக்கு அனுமதி அளித்தது.

இது எப்படி வேலை செய்கிறது? புற்றணு நம் உடலிலேயே பிறந்தது. வீட்டுப் பிள்ளையே திருடினால் நாய் குரைப்பதில்லை; நோய் எதிர்ப்பு அணுக்களும் அதனால்தான் புற்றணுவைப் பல நேரம் விட்டுவிடுகின்றன. மருத்துவர்கள் முதலில் கட்டியைச் சுரண்டி எடுக்கிறார்கள். சில வாரங்கள் கழித்து, மெல்லிய குழாய் வழியே உயிருள்ள பி.சி.ஜி.யை உள்ளே விட்டு, இரண்டு மணி நேரம் வரை சிறுநீர் கழிக்காமல் இருக்கச் சொல்கிறார்கள். வாரம் ஒரு முறை, 6 வாரம். கிருமிகள் பையின் உட்சுவரில் ஒட்டுகின்றன. எஞ்சிய புற்றணுக்களுக்குள்ளும் புகுகின்றன. உடனே வெள்ளையணுக்கள் திரள்கின்றன. கிருமியைத் தேடி வந்த டி அணுக்கள் முதலானவை புற்றணுக்களையும் சேர்த்தே அழிக்கின்றன. சிகிச்சையின்போது வரும் எரிச்சலும் லேசான காய்ச்சலும் பெரும்பாலும் இந்தப் போரின் அறிகுறிகளே.

பி.சி.ஜி.யின் வரலாற்றில் தமிழகத்துக்கும் பெரும் பங்கு உண்டு. சென்னை கிண்டியில் 1948 முதல் இதைத் தயாரிக்கும் ஆய்வகம் இருக்கிறது. 1968இல் செங்கல்பட்டில் தொடங்கிய மாபெரும் ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று காட்டியது. அங்கே கைகொடுக்காத மருந்து, சிறுநீர்ப்பையில் இன்றும் முதல் வரிசைச் சிகிச்சை. தொற்றுக்கும் புற்றுக்கும் உடலில் காவல் ஒன்றுதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால், புற்று பையின் தசைக்குள் இறங்குவதற்கு முன்புதான் இந்தச் சிகிச்சை பலிக்கும். வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால், ஒரு முறைதானே என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.