நாலு குடித்தனமும் கையில் நிற்கும் பணமும்

ஆயுள்காலச் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து, சென்னைப் புறநகரில் நான்கு குடித்தனங்கள் கொண்ட வீடொன்றை வாங்க முற்படும் கிருகஸ்தர், நான்கு வாடகைகளையும் கூட்டி, அதில் மாதத் தவணையைக் கழித்து, எஞ்சியதே தம்முடைய லாபமென்று நிர்ணயித்துக்கொள்வது வழக்கமாயிருக்கிறது. இந்தக் கணக்கை நம்பி இறங்குகிறவர்களைக் குறித்து எனக்கு உண்மையான கவலை உண்டு.

குடித்தனம் ஒன்றுக்கு வாடகை 18,000 ரூபாய் என்றும், 50 லட்ச ரூபாய்க் கடனை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளில் அடைப்பதென்றும் வைத்துக்கொண்டால், வரவு 72,000, தவணை ஏறக்குறைய 45,000. மாதந்தோறும் 27,000 மிஞ்சுவதாகத் தோன்றும். ஆனால், ஒவ்வொரு குடித்தனக்காரரும் இரண்டாண்டுக்கொருமுறை மாறி, வெள்ளையடித்து அடுத்தவர் பால் காய்ச்சிக் குடிவரும்வரை ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்குமாயின், ஆண்டுக்கு 36,000 ரூபாய் வரவிலேயே குறைந்துவிடும். அரையாண்டுதோறும் கட்டும் சொத்துவரி, குடிநீர் வரி, மாடிப்படி விளக்குக்கும் மோட்டாருக்குமான மின்கட்டணம், கோடையில் தண்ணீர் லாரி ஆகியவற்றுக்கு 68,000. குழாய், மின்சார வேலைகளுக்கு 40,000. வெள்ளையடிக்க 60,000 என்று மிதமாகவே மதிப்பிடலாம். இவற்றினும் முக்கியமானது, பெரும்பாலோர் எழுதவே மறந்துவிடும் செலவு. மொட்டைமாடித் தளம் ஒழுகுவதும், ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோவதும் எந்த ஆண்டில் நேருமென்று அனுமானிக்க இயலாதாயினும், நேர்வது நிச்சயமாதலால், ஆண்டுக்கு 60,000 ரூபாயேனும் தனியே ஒதுக்கிவைப்பது அவசியம். ஆக, ஆண்டு வரவான 8,64,000 ரூபாயில் எஞ்சுவது 6,00,000. தவணைக்கு 5,40,000 போக, கையில் நிற்பது மாதம் 5,000 மட்டுமே.

வருமானவரியோ இனிமேல்தான் வரும். வாடகையில் கட்டிய சொத்துவரி போக மீதியில் 30 சதவீதமும், கடன் வட்டியும் கழிவாகக் கிடைக்கும். அசலுக்கு அக்கழிவு இல்லை. ஆதலால், வருஷங்கள் செல்லச் செல்ல, தவணை மாறாமலிருக்க, அதில் வட்டியின் பங்கு தேய்ந்து வரி வளரும். அட்வான்ஸ் தொகையை வரவாக எண்ணுவதும் பிசகு. அது திருப்பித் தரவேண்டிய கடன். மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அதை வாங்கலாகாதென்பது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம்.

விற்பவரிடம் கடந்த இரண்டாண்டு வரி ரசீதுகளையும் மின்கட்டண ரசீதுகளையும் கேட்டு வாங்கி, மேற்சொன்ன தொகைகளுக்குப் பதிலாக அவற்றிலுள்ள தொகைகளை இட்டுப் பார்த்த பின்னும் மிச்சம் போதாதென்று தோன்றினால், விலையைக் குறைத்துக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. 5 லட்சம் குறைந்து, கடனும் அவ்வளவு குறையுமாயின், தவணையில் மாதம் 4,500 ரூபாய் மிஞ்சும். அந்தப் பேரத்தை முன்பணம் கைமாறுவதற்கு முந்தியே பேசி முடித்துவிட வேண்டும்.