இவருக்குப் பதில் இவர்

பகல் நேரத்து உறவுகள் – 11

முந்தின நாள் காபி டம்ளரோடு சமையலறைக்குள் போன மருமகள், மறுநாள் வேறு முகத்தோடு வெளியே வருவாள். திரையின் கீழே மூன்றே சொற்கள் ஓடும்: இவருக்குப் பதில் இவர். எங்கள் வீட்டுப் பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “யாருடி இவ, புதுசா?” என்பார். “அதே மருமகதான் பாட்டி, ஆள் மாறிட்டாங்க” என்பேன். இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “அவ மூஞ்சியில இருந்த வருத்தம் இவகிட்ட இல்லையே.”

அமெரிக்கப் பகல் நேர சீரியல்களை முப்பது, நாற்பது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறவர்கள் உட்கார்ந்து பேசும்போதெல்லாம் பாட்டியின் இந்த ஒரு வரிதான் எனக்கு நினைவுக்கு வரும். அவர்களுடைய பேச்சில் பாதி இதைப் பற்றியதுதான். யார் உண்மையான கார்லி? எந்த டாட் அசல் டாட்? ஆள் மாறியபோது கதாபாத்திரமும் சேர்ந்து மாறிவிட்டதா? வெளியாருக்கு இது வெட்டிப்பேச்சாகத் தெரியலாம். ஆனால், இந்தச் சீரியல்களின் வரலாறு உயிரோடிருப்பது இந்தப் பேச்சில்தான் என்பதை இந்த வாரம் சொல்ல விரும்புகிறேன்.

அங்கே அந்த அறிவிப்பு எழுத்தில் வருவதில்லை. காட்சி தொடங்கும்போது ஒரு குரல், இன்ன வேடத்தில் இனி இன்னார் நடிக்கிறார் என்று சொல்லும். ஒரே வாக்கியம். கதை தன் போக்கில் போகும். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தூக்கிவாரிப் போடும்.

ஆள் ஏன் மாறுகிறார்? காரணம் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. வாரத்துக்கு 5 நாள், ஆண்டு முழுக்க ஒளிபரப்பு. ஆண்டுக்குச் சுமார் 250 எபிசோட். ஜெனரல் ஹாஸ்பிடல் 1963-லிருந்தும், தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ் 1973-லிருந்தும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நடிகர்கள் சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போடுவார்கள். அதற்குள்ளும் 13 வாரம், 26 வாரம் என்று தவணை உண்டு. அந்தத் தவணை முடிகிற இடத்தில் தயாரிப்பாளர் நினைத்தால் நடிகரை நிறுத்திவிடலாம். ஒப்பந்தம் முடிந்ததும் சிலர் சினிமாவுக்குப் போவார்கள், சிலர் போட்டி சீரியலுக்குப் போவார்கள். ஆனால் அந்தக் கதாபாத்திரத்துக்குக் கணவன், குழந்தை, கோர்ட்டில் ஒரு வழக்கு என்று ஊர் முழுக்க வேர் ஓடியிருக்கும். அப்படியே பிடுங்கி எறிய முடியாது. வேரை விட்டுவிட்டு முகத்தை மட்டும் மாற்றுகிறார்கள்.

ஜெனரல் ஹாஸ்பிடல் கார்லியை எடுத்துக்கொள்வோம். 1996-ல் அவள் போர்ட் சார்ல்ஸ் என்ற கற்பனை ஊருக்குள் வந்தபோது, யாரென்று ஊரில் யாருக்கும் தெரியாது. பிறந்தவுடன் தத்துக் கொடுத்துவிட்ட தாயைத் தேடி, பழிவாங்க வந்தவள் அவள். தாய் அதே மருத்துவமனையில் நர்ஸாக இருந்த பாபி. மகளென்று சொல்லாமலேயே அந்த வீட்டுக்குள் நுழைந்து, தாயின் கணவரோடு உறவு வைத்துக்கொள்கிறாள். அந்தக் கார்லியாக நடித்தவர் சாரா பிரவுன். அந்த வேடத்துக்காக 3 டே டைம் எம்மி விருதுகள் வாங்கினார். 2001-ல் அவர் போக, டமாரா பிரான் வந்தார். 2005-ல் கொஞ்ச காலம் ஜெனிஃபர் பிரான்ஸ்ஃபோர்ட். அதே ஆண்டு லாரா ரைட். அவர்தான் இன்றுவரை.

நாலு பேர். எதிரே நிற்கிற சோனி மட்டும் மாறவில்லை. 1993-லிருந்து மாரிஸ் பெனார்டுதான். அதே சோனியோடு சண்டை போட்டதும், கல்யாணம் செய்துகொண்டதும், பிரிந்ததும், திரும்பச் சேர்ந்ததும் வெவ்வேறு கார்லிகள்.

பழைய ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள். சாரா பிரவுனின் கார்லிக்கு அடிபட்ட மிருகத்தின் வெறி உண்டு என்பார் ஒருவர். காதல் என்று வந்தால் டமாராவின் கார்லிதான் என்பார் இன்னொருவர். லாரா ரைட்டின் கார்லிதான் வளர்ந்த பெண், தாய், குடும்பத்தைத் தாங்குகிறவள் என்பார் மூன்றாமவர். கேட்டுக்கொண்டே இருந்தால் ஒன்று புரியும். மூன்று நடிகைகளுக்கு மதிப்பெண் போடுவதாக அவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு பெண்ணின் இருபது, முப்பது, நாற்பது வயதுகளைப் பிரித்து வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பாபியாக 1977-லிருந்து நடித்த ஜாக்லின் ஸீமன் 2023 மே மாதம் காலமானார். 2024 ஜனவரியில் கதையிலும் பாபியின் மரணம் வந்தது. தாய்க்காக அழுதவர் லாரா ரைட். ஆனால் அந்தத் தாய்க்குத் துரோகம் செய்தது சாரா பிரவுனின் முகம். செய்த முகம் ஒன்று, வருந்துகிற முகம் வேறொன்று. இரண்டையும் ஒரே உயிராக இணைத்துப் பார்க்க வேண்டுமானால், 1996-ல் அந்த வீட்டுக்குள் அவள் நுழைந்த நாளை யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும். நாலு நடிகைகளில் ஒருவருக்கும் அந்த முழுக்கதை சொந்தமில்லை. எழுத்தாளர்களும் பலமுறை மாறிவிட்டார்கள். முழுதாக வைத்திருப்பவர் ரசிகர்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் உண்டு. தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸில் கேத்தரின் சான்சலர். 1973-லிருந்து 2013-ல் இறக்கும்வரை அந்த வேடத்தில் ஜீன் கூப்பர். உடல்நலமில்லாமல் இருந்தபோது 2011-ல் சில நாள் மைக்கேல் லெர்னெட் வந்து நடித்துக் கொடுத்தார். கேத்தரினின் ஜென்மப் பகையாளி ஜில். அந்த வேடத்தில் பிரெண்டா டிக்ஸன், டெபரா அடேர், மறுபடி டிக்ஸன், 1987-லிருந்து ஜெஸ் வால்டன் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். வந்த ஒவ்வொரு ஜில்லுக்கும் எதிரே நின்றது அதே கேத்தரின்.

1984-ல் ஜீன் கூப்பர் முகச்சுருக்கத்தை நீக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதைக் கதையிலேயே கேத்தரினுக்கு நடப்பதாக வைத்தார்கள். அந்த உண்மையான அறுவையைப் படம் பிடித்து அப்படியே ஒளிபரப்பினார்கள். கட்டுப் போட்ட முகம், வீங்கிய கன்னம், மெல்ல மெல்லப் பிரிக்கப்படும் துணி. பகல் சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த லட்சக்கணக்கானவர்கள், பத்து ஆண்டுகளுக்கு மேல் பழகிய ஒரு முகம் திறக்கப்படுவதைப் பார்த்தார்கள். முகம் மாறியது, ஆள் மாறவில்லை. அவர் இறந்த பிறகு கேத்தரினையும் அவரோடு போகவிட்டார்கள். வேறு யாரையும் அந்த நாற்காலியில் உட்காரவைக்கவில்லை. அது சரியான முடிவு என்பதில் ரசிகர்களிடம் இரண்டு கருத்தை நான் கேட்டதில்லை.

ஆள் மாற்றத்தோடு வயது மாற்றமும் உண்டு. அதற்கு அங்கே ‘சோரஸ்’ என்று பெயர். குழந்தைகள் திடீரென்று வளர்ந்துவிடும் நோய் என்று செல்லமாகச் சொல்வார்கள். குழந்தையை வைத்துக் கதை பண்ண முடியாது. காதலும் கல்யாணமும் வேண்டுமானால் வயது வேண்டும். ஆகவே ஒரு கோடை விடுமுறைக்கு மாடி ஏறிப் போன சிறுவன், இறங்கி வரும்போது மீசையோடு வருவான். தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸில் விக்டர் நியூமன் என்பவரின் மகள் விக்டோரியா 1982-ல் பிறந்தாள். 1990-ல் ஹெதர் டாம் அந்த வேடத்துக்கு வந்தபோது அவள் பதின்வயதுப் பெண்.

இந்தக் கணக்கெல்லாம் ரசிகர்களுக்கு விரல்நுனியில். யார் எந்த ஆண்டு பிறந்தார், எந்த ஆண்டு வயது கூட்டினார்கள், அதனால் யாருக்கு யார் மூத்தவர் ஆகிவிட்டார் என்று சொல்வார்கள். இந்த நினைவாற்றலை வேலையில்லாதவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. தொடக்க காலத்தில் இந்தச் சீரியல்கள் நேரடியாக நடித்து ஒளிபரப்பப்பட்டன. பிறகு டேப் வந்தது. டேப் விலை அதிகம் என்பதால், ஒளிபரப்பியதும் அழித்துவிட்டு அதிலேயே அடுத்ததைப் பதிந்தார்கள். 1950-களிலும் 60-களிலும் வந்த எபிசோட்களில் பெரும்பகுதி இன்று எங்கேயும் இல்லை. அவை மிச்சமிருப்பது பார்த்தவர்கள் தலைக்குள்தான்.

இனி டாட். அந்தத் தலைக்குள் இருக்கும் நினைவுக்கு ஒரு சீரியலே இறங்கி வந்து பதில் சொன்ன கதை இது.

ஒன் லைஃப் டு லிவ் 1968-ல் ஆக்னஸ் நிக்ஸன் உருவாக்கியது. அதில் 1992-ல் டாட் மானிங்காக ராஜர் ஹோவார்த் வந்தார். சின்ன வேடம். 1993-ல் மார்ட்டி என்ற மாணவியைக் கல்லூரி நண்பர்களோடு சேர்ந்து வன்புணர்வு செய்யும் குற்றவாளி அவன். அந்தக் கதையை அந்தச் சீரியல் கூசாமல், பெண்ணின் பக்கம் நின்று சொன்னது. ஆனால் ஹோவார்த்தின் நடிப்பு அந்த இருட்டு மனிதனைப் பார்வையாளர் கண்ணிலிருந்து அகலவிடவில்லை. கன்னத்தில் தழும்பு, முகத்தில் விழும் நீள முடி. டாட் தொடர்ந்தான், திருமணம் செய்துகொண்டான், அப்பாவானான். இப்படிப்பட்டவனை மன்னிக்கலாமா, கதாநாயகனாக்கலாமா என்ற கேள்வி அன்றிலிருந்து இன்றுவரை ரசிகர்களைப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கேள்வியை அவர்கள் கைவிடாமல் வைத்திருப்பதை நான் மதிக்கிறேன்.

2003-ல் ஹோவார்த் போய்விட்டார். ட்ரெவர் செயின்ட் ஜான் வந்தார். முதலில் வேறு பெயரில் ஒருவன். பிறகு அவனே டாட், முகத்தை அறுவையால் மாற்றிக்கொண்டான் என்றார்கள். தழும்பும் இல்லை, நீள முடியும் இல்லை. எட்டு ஆண்டுகள் ஓடின. ட்ரெவர் நன்றாகவே நடித்தார். புதிதாக வந்தவர்களுக்கு அவர்தான் டாட். பழையவர்களில் ஒரு சாரார் மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: இவன் டாட் இல்லை.

2011 ஏப்ரலில், இந்தச் சீரியலை நிறுத்தப்போவதாக ஏபிசி தொலைக்காட்சி அறிவித்தது. அடுத்த மாதமே ராஜர் ஹோவார்த் திரும்பி வந்தார். அதே கன்னம், அதே தழும்பு. ஊரில் இப்போது இரண்டு டாட். இருவருமே நான்தான் டாட் என்கிறார்கள்; இருவருமே மனதார நம்பித்தான் சொல்கிறார்கள். கடைசியில் உண்மை வெளிவருகிறது. தழும்பு முகக்காரன்தான் டாட். எட்டு ஆண்டு டாடாக வாழ்ந்தவன் அவனுடைய இரட்டைச் சகோதரன் விக்டர். தான் டாட் என்றே நம்பும்படி அவன் மனம் மாற்றப்பட்டிருந்தது.

எட்டு ஆண்டுகளாக ஒரு சாரார் சொல்லிவந்தது பலித்துவிட்டது. ஆனால் எழுத்தாளர்கள் அதோடு நிறுத்தவில்லை. ட்ரெவரை நேசித்தவர்களின் எட்டு ஆண்டுகளை அவர்கள் பொய்யாக்கவில்லை. அந்த வீட்டுக்குள்ளேயே வழக்கைக் கொண்டுபோனார்கள். டாடை ஒருகாலத்தில் மணந்திருந்த பிளேருக்கு மனம் பழைய டாடிடம். இப்போதைய மனைவி டீயாவுக்கோ தான் கைப்பிடித்தவன் விக்டர்தான், பெயர் எதுவானாலும். மகள் ஸ்டார் பழைய அப்பாவை அடையாளம் கண்டுகொண்டாள். மகன் ஜாக் கண்டுகொள்ளவில்லை. அவன் 2001-ல் பிறந்தவன். சோரஸின் புண்ணியத்தில் 2011-ல் பதின்வயதுப் பையன். அவனுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா என்றால் ட்ரெவரின் முகம்தான். திடீரென்று தழும்போடு ஒருவர் வந்து நான்தான் உன் அப்பா என்றால் அவன் எப்படி ஏற்பான்?

அந்தச் சீரியல் 2012 ஜனவரி 13 அன்று ஏபிசியில் முடிந்தது. ஹோவார்த், டாடாகவே ஜெனரல் ஹாஸ்பிடலுக்குப் போனார். பிறகு வந்த உரிமைச் சிக்கலில் அந்தக் கதாபாத்திரத்தை அங்கே வைத்திருக்க முடியாமல் போனது. 2013-ல் அவரே ஃபிராங்கோ என்ற வேறொருவனாக வந்தார். அதற்கு முன் அந்த வேடத்தில் நடித்தவர் சினிமா நடிகர் ஜேம்ஸ் ஃபிராங்கோ. ஃபிராங்கோ கதையில் இறந்தபின், 2021-ல் ஆஸ்டின் என்ற மூன்றாவது மனிதராக அதே ஹோவார்த். ஒரே ஊர், ஒரே முகம், மூன்று பெயர். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மூன்றையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொண்டார்கள்.

ஜாக்கை மறக்க முடியவில்லை. டி.என்.ஏ. பரிசோதனை ஒன்று சொல்கிறது. அவன் வளர்ந்த ஆண்டுகள் வேறொன்று சொல்கின்றன. நாற்பது ஆண்டு ரசிகர்கள் இருவர் டாடைப் பற்றிப் பேசும்போது, ஒருவர் ஸ்டார், இன்னொருவர் ஜாக். எந்த முகத்தின் முன்னால் எந்தப் பிற்பகலில் தான் அழுதோம் என்பது இருவருக்கும் தெரியும். அதை விட்டுக்கொடுக்கச் சொன்னால் இருவருமே விட்டுக்கொடுக்க மாட்டார்கள், விட்டுக்கொடுக்கவும் கூடாது. எங்கள் பாட்டி புது மருமகளை ஏற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆயிற்று. ஒருநாள் அவள் அழும் காட்சியில் கண்ணாடியைக் கழற்றினார். “இப்பதான் வந்திருக்கா அந்த வருத்தம்” என்றார்.

(அடுத்த வாரம்: அழிக்கப்பட்ட டேப்களும், 1,225 எபிசோட்களில் ஒன்றே ஒன்று மட்டும் காணாமல்போன டார்க் ஷாடோஸும்)