புழக்கடை வாசல்

2016-ஆம் வருஷம் நவம்பர் 27-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், ஜெர்மனியின் டாய்ச்சே டெலிகாம் நிறுவனத்துச் சந்தாதாரர்களில் ஏறக்குறைய 9 லட்சம் பேருடைய வீடுகளில் இன்டர்நெட்டும், அதே இணைப்பின் வழியாக வருகிற தொலைபேசியும் தொலைக்காட்சியும் ஸ்தம்பித்தன. ரவுட்டரின் மின்சாரத்தைத் துண்டித்து, சற்றுப் பொறுத்து மறுபடி இணைத்துப் பாருங்கள் என்று நிறுவனம் வேண்டிக்கொண்டது.

காரணம் விசித்திரமானது. ரவுட்டர்களைத் தூரத்திலிருந்தே பழுது பார்ப்பதற்கென்று 7547 என்ற எண்ணுள்ள போர்ட் ஒன்றைச் சேவை நிறுவனங்கள் உபயோகிப்பதுண்டு. அந்தப் புழக்கடை வாசலைத் தேடி உலகெங்கும் அலைந்த ‘மிராய்’ வம்சத்து வைரஸ் ஒன்று இந்த ரவுட்டர்களையும் தட்டிற்று. அவை வேறு விதமான மென்பொருளில் இயங்கியமையால் அதற்கு அடிமையாகவில்லை என்றாலும், ஓயாத தட்டலைத் தாங்க மாட்டாமல் மூர்ச்சையுற்று விழுந்தன.

இப்படி வந்து தட்டுவோரைத் தடுப்பதற்கென்று ரவுட்டரில் இருக்கிற ஃபயர்வால் என்பது வாசலில் நிற்கும் காவற்காரன். வீட்டிலிருப்பவர் கேட்டதற்கு வருகிற பதிலை உள்ளே விட்டு, அழையாமல் வருவதை வெளியே நிறுத்துவது அவன் தொழில். அவனிடம் சேவை நிறுவனங்களுக்கு அத்தனை பிரியம் கிடையாது. லைன் மந்தமாக இருக்கிறதென்று புகார் செய்தால், “ஃபயர்வாலை ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவை பாருங்க சார்” என்று புத்திமதி வருமே தவிர, பிற்பாடு அதை ஆன் செய்யும்படி நினைவூட்டுவோர் அபூர்வம். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை: வீட்டுக்கு வீடு வேறுவேறு கருவி இருந்தால், கோளாறு கம்பியிலா கருவியிலா என்று நிச்சயிப்பது பிரயாசைதான்.

இந்த நியாயத்தையே நீட்டி, ரவுட்டரும் தங்கள் வலையமைப்பின் அங்கமே என்று வாதித்து, தாங்கள் கொடுத்த கருவியையே வைத்துக்கொள்ளும்படி ஜெர்மனியில் சில நிறுவனங்கள் நிர்ப்பந்தித்து வந்தன. அவர்களுடைய அதிகாரம் சுவரிலுள்ள இணைப்புமுனையோடு முடிகிறது என்று, 2016 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமலுக்கு வந்த சட்டம் தீர்த்துவைத்தது.

ஆயினும் சொந்தக் கருவியை வாங்கியதனாலேயே க்ஷேமம் உண்டாகிவிடாது. அதே வருஷம் மிராய் முதலில் பரவியபோது, அதன் கையிலிருந்த ஆயுதம், தயாரிப்பாளர்கள் போட்டுக்கொடுத்த ‘அட்மின்’ முதலான பெயர்களும் பாஸ்வேர்டுகளுமாகச் சுமார் 60 ஜோடிகள்தாம். அவற்றை மாற்றாத வீடுகளின் கேமராக்களும் ரவுட்டர்களுமே அதன் சைன்யமாயின.

ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலும் அடிப்பக்கத்து லேபிளில் ஒரு முகவரி இருக்கும். அதை பிரவுசரில் தட்டி உள்ளே போய், பாஸ்வேர்டை மாற்றி, வெளியிலிருந்து இயக்கும் வசதி அநாவசியமானால் அதை அடைத்து, ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அடுத்த தடவை அதை ஆஃப் பண்ணச் சொல்பவரிடம், “மறுபடி எப்போது ஆன் பண்ணலாம்?” என்று கேட்டுவிட்டே போனை வையுங்கள்.