எஸ்டிமேட் கேட்டால் எண்ணைக் கொடு

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசிக் கடைகளில் பூஜை போட்டு தீபாவளி விற்பனையைத் தொடங்குவார்கள். அதே நாட்களில் இன்னொரு கடைவீதியும் திறக்கிறது. கூகுளில் ‘சிவகாசி பட்டாசு விலை’ என்று தட்டினால் பக்கம் பக்கமாக வந்து நிற்கும் இணையதளங்கள்தான் அது.

ஒன்றைத் திறந்து பாருங்கள். தரைச்சக்கரம், புஸ்வாணம், கம்பி மத்தாப்பு, லட்சுமி வெடி எல்லாம் படத்தோடு வரிசையாக இருக்கும். பழைய விலையை அடித்துவிட்டு 80 சதவீதம் தள்ளுபடி என்று போட்டிருப்பார்கள். எத்தனை பாக்கெட் என்று நிரப்பிக்கொண்டே கடைசிவரை போனால், பணம் கட்டும் இடத்தையே காணோம். பதிலாக ஓர் அறிவிப்பு: உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டு உத்தரவுப்படி ஆன்லைனில் விற்பதில்லை, தேவையானதைக் குறித்து அனுப்புங்கள், நாங்களே அழைக்கிறோம். அதன் கீழே பெயர், கைப்பேசி எண், வாட்ஸ்ஆப் எண், முகவரி, பின்கோடு என்று கட்டங்கள். இதற்குப் பெயர் ‘எஸ்டிமேட்’.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது, உரிமம் உள்ள வணிகர்கள் மட்டுமே பட்டாசு விற்கலாம், இணைய வணிகத் தளங்கள் ஆர்டர் வாங்கக் கூடாது என்பதுதான். பணம் கட்டும் வாசல் அடைபட்டது. எண்ணை வாங்கும் வாசல் அகலத் திறந்துகொண்டது.

இந்தத் தளங்களை நடத்துகிறவர்கள் எல்லாருமே ஏமாற்றுக்காரர்கள் இல்லை. ஒரு தீபாவளி சீசனை நம்பி வருஷம் முழுக்கக் குடும்பம் நடத்தும் உரிமக் கடைக்காரர்கள் ஏராளம். அவர்கள் பக்கத்திலேயே, அவர்களுடைய படத்தையும் விலைப்பட்டியலையும் அறிவிப்பையும் அப்படியே எடுத்து ஒட்டிக்கொண்டு போலிக் கடை நிற்பதுதான் கொடுமை. தேடுபொறி சொற்களைப் பார்க்கிறது, இணைப்புகளைப் பார்க்கிறது. வெடிபொருள் உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. போலிக் கடைக்காரர் போனில் பேசுவார், வாட்ஸ்ஆப்பில் பில் அனுப்புவார், க்யூஆர் கோடு அனுப்புவார். பணம் போட்டதும் ‘லாரியில ஏத்தியாச்சு சார்’ என்பார். அதோடு போன் அணைந்துவிடும். 2024 தீபாவளிக்கு முன்பு தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவே இந்த மோசடி பற்றி மக்களை எச்சரித்தது.

பணம் போனால் வெளியே தெரிகிறது. எண் போவது தெரிவதே இல்லை. ஒரு வருஷம் நான் ஒரே ஒரு தளத்தில் எஸ்டிமேட் கேட்டேன். பட்டாசு வாங்கவும் இல்லை. ஒரு வாரத்துக்குள், பேர்கூடக் கேள்விப்படாத நான்கு கடைகளிலிருந்து என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். ‘நம்பர் எங்கே கிடைத்தது?’ என்று கேட்டால், ‘நீங்கதானே சார் என்கொயரி போட்டிருந்தீங்க’ என்றே பதில் வந்தது. மறுவருஷம் ஆடி பிறந்ததும் மறுபடி ஆரம்பித்தது.

பத்திரிகைகளில் ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ என்று துவரம் பருப்பு, வத்தல், மல்லி, எண்ணெய் விலையைப் போடுவார்கள். தலைமுறை தலைமுறையாக வியாபாரிகள் அதைப் பார்த்துச் சரக்குப் பிடித்திருக்கிறார்கள். வத்தல் விலை படித்தவரிடம் யாரும் பேர், ஊர் கேட்டதில்லை. சிவகாசி இருக்கும் அதே மாவட்டத்தில் இன்று ஒரு பெட்டி மத்தாப்புக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கவே வீட்டு முகவரியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

‘நாங்கள் வழிதான் காட்டுகிறோம்’ என்று தேடுபொறி நிறுவனங்கள் சொல்லித் தப்பிக்க முடியாது. ஸ்பெயின்காரர் ஒருவர் தொடுத்த வழக்கில், தன் தேடல் முடிவுகளில் வரும் தனிநபர் தகவலுக்குக் கூகுளும் பொறுப்புதான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014 மே 13 அன்றே தீர்ப்பளித்தது. அது வேறு வகை வழக்குதான். ஆனாலும், வரிசைப்படுத்திக் காட்டுகிறவருக்கும் பொறுப்பு உண்டு என்ற நியாயம் இங்கேயும் பொருந்தும். உரிமம் இருந்தால்தான் விற்க முடியும் என்று சட்டம் சொல்லும் பொருளுக்காவது, உரிம எண்ணைச் சரிபார்த்த பிறகே முதல் பக்கத்தில் காட்ட வேண்டும். எந்தக் கண்ணியமான கடைக்காரரும் இதை எதிர்க்க மாட்டார்.

நம் நாட்டில் 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. 2023இல் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. எதற்கென்று கேட்டு வாங்கினார்களோ அதற்கு மட்டுமே எண்ணைப் பயன்படுத்த வேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறது சட்டம். ஆனால் நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அந்த விதிகள் 18 மாத அவகாசம் கொடுத்திருக்கின்றன. அதற்குள் இன்னொரு சீசனே முடிந்துவிடும்.

அதுவரை, விலை பார்க்க மட்டும் என்றால் எந்தக் கட்டத்தையும் நிரப்பாதீர்கள். வாங்குவதென்றால் உரிம எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கும் கடைக்குப் பணம் போடாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.