மழைக்கணக்கும் மாறியின் பெயரும்

வடக்கு, நடு அந்தமான் மாவட்டத்தின் தலைமையிடமாகிய மாயாபந்தர், தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளாலும் மழை பெறும் ஊர். அங்குப் பதிவாகும் அன்றாட மழையைத் தொகுப்பதற்கு ஒருவர் கணிப்பொறி நிரல் எழுதுகிறார் எனக் கொள்க. மழையின் அளவுக்கு ‘அ’ என்றும் நாளுக்கு ‘ஆ’ என்றும் அவர் பெயரிடுகிறார். நிரலில் ஒரு மதிப்பைத் தாங்கி நிற்கும் இத்தகைய பெயர் ‘மாறி’ எனப்படும். பெயர் எதுவாயினும் கணிப்பொறி தன் வேலையைப் பிழையின்றிச் செய்யும். இடர்ப்பாடு, அந்நிரலைப் பின்னர்ப் படிக்கும் மனிதருக்கே நேர்கிறது.

எழுதியவர் மாற்றலாகிச் சென்றபின், பணியை ஏற்பவர் ‘அ = 3’ என்னும் வரியைக் காண்கிறார். அந்த 3, அங்குலமா, மில்லிமீட்டரா? பழைய மழைப் பதிவேடுகள் அங்குலத்தில் அமைந்தவை. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஆதலின், 3 அங்குலம் 76.2 மி.மீ. ஆகும். இந்திய வானிலைத் துறையின் வகைப்பாட்டின்படி, 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. பெய்தாலே அது கனமழை. அதே 3, மில்லிமீட்டர் எனக் கொள்ளப்பட்டால், கனமழை பெய்த நாள் கணக்கில் இலேசான மழை நாளாகிவிடும். ‘மழை_மிமீ’ என்றோ ‘மழை_அங்குலம்’ என்றோ பெயரிட்டிருந்தால் இவ்வையத்திற்கு இடமில்லை.

நாளின் நிலையும் இதுவே. மழைமானி காலை 8.30 மணிக்கு அளக்கப்படுகிறது. அதற்கு முந்திய 24 மணி நேர மழை அன்றைய கணக்கில் சேரும். எனவே 26ஆம் தேதி இரவு பெய்த மழை 27ஆம் தேதியின்கீழ்ப் பதிவாகும். ‘நாள்’ என்பதைவிட ‘அளந்த_நாள்’ என்பதே உண்மையை உரைக்கும். அவ்வாறே, நிரலின் நடுவே 64.5 என்ற எண்ணை வறிதே எழுதாது, ‘கனமழை_தொடக்கம்_மிமீ’ எனப் பெயரிட்டு வழங்குதல் நன்று.

அலகு பற்றிய மயக்கம் பேரிழப்பையும் விளைக்கும். 1999ஆம் ஆண்டு செவ்வாய்க் கோளை அடைந்த அமெரிக்க விண்கலம் ஒன்று, ஒரு நிரல் ஆங்கில அலகில் தந்த எண்ணை மற்றொன்று மெட்ரிக் அலகாகக் கொண்டமையால் அழிந்தது.

1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியில் பெயர் ஆறு எழுத்துக்கு மேற்படலாகாது. ஆகவே அன்று சுருக்கம் தவிர்க்க இயலாததாயிற்று. இன்று அத்தடை இல்லை. 2008இல் வெளியான பைதான் 3 தமிழ் எழுத்துப் பெயர்களையும் ஏற்கிறது. எனினும் நீளமே சிறப்பன்று. இரண்டு மூன்று வரிகளுக்குள் பயன்பட்டு மறையும் எண்ணிக்கைக்கு ஓரெழுத்தே போதும். பொருள் மாறியபின் பழைய பெயரையே விட்டுவைத்தல், பெயரே இல்லாமையினும் தீது.

ஆசிரியர் இதனை வகுப்பில் எளிதாகச் சோதிக்கலாம். ஒரு மாணவர் எழுதிய நிரலை மற்றொருவரிடம் தந்து, அதனை இயக்காமல், ஒவ்வொரு பெயரும் எதனை, எந்த அலகில் குறிக்கிறது எனக் கூறச் செய்க. அவர் தயங்கும் இடமே பெயர் திருந்த வேண்டிய இடம்.