கறுப்பு வெள்ளைச் சலனப்படத்தில் தேர்வு வண்ணம்: எஞ்சிய நிறமும் ஏற்றிய நிறமும்

ஆய்வுச்சுருக்கம்

கறுப்பு வெள்ளைக் காட்சியில் ஒரு பொருளுக்கு மட்டும் வண்ணம் அளிக்கும் உத்தி பெரும்பாலும் குறியீடாகவே விளக்கப்படுகிறது. அவ்வண்ணம் படப்பிடிப்பின்போதே பதிவானதா, பின்னர் ஏற்றப்பட்டதா என்னும் வேறுபாடு அதன் நம்பகத்தன்மையைத் தீர்மானிக்கிறது என்பதையும், ஆவணப் படங்களில் இவ்வேறுபாடு இன்றியமையாததாகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தேர்வு வண்ணம், ஒளிர்வு, மறைப்பு, ஆவணப்படம், பொத்தெம்கின்.

முன்னுரை

1925 டிசம்பர் 21 அன்று மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில் ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொத்தெம்கின்’ திரையிடப்பட்டது. கலகம் செய்த மாலுமிகளின் கப்பலில் ஏறும் கொடி அதில் சிவப்பாகத் தெரிந்தது. ஆனால் படப்பிடிப்பில் பயன்பட்டது வெள்ளைக் கொடியே. அக்காலப் படச்சுருள் சிவப்பு ஒளியை உணராது. சிவப்புக் கொடியை எடுத்திருந்தால் அது கறுப்பாகவே பதிவாகியிருக்கும். ஆகவே வெள்ளைக் கொடியைப் படம்பிடித்து, திரையிடும் பிரதியில் சட்டகம் சட்டகமாகக் கையால் சிவப்பு தீட்டப்பட்டது. உண்மையான சிவப்பைப் பதிவு செய்ய இயலாத கருவிக்குப் பொய்யான வெள்ளையைக் காட்டி, அதன்மேல் சிவப்பை மீட்டெடுத்த முறை இது.

தேர்வு வண்ணம் என்பதைப் பகுதி வண்ணப்படம் என்பதோடு குழப்பிக்கொள்ளலாகாது. 1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ முற்பகுதியில் கறுப்பு வெள்ளையாகவும் பிற்பகுதியில் வண்ணமாகவும் அமைந்தது. அங்கே மாறுவது படச்சுருள். இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது, ஒரே சட்டகத்திற்குள் சாம்பலும் நிறமும் அருகருகே நிற்கும் நிலை.

சாம்பல் நிறம் சொல்வதும் சொல்லாததும்

ஒரு வண்ணத்திற்கு ஒளிர்வு, சாயல், செறிவு என மூன்று கூறுகள் உண்டு. கறுப்பு வெள்ளைப் பதிவு இவற்றுள் ஒளிர்வை மட்டும் காக்கிறது. தொலைக்காட்சித் துறை நெடுங்காலம் கையாண்ட கணக்கீட்டில் சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்திற்கு 0.114 என்னும் பங்குகள் கொடுக்கப்படுகின்றன. இதன்படி 255 அளவுள்ள தூய சிவப்பு, ஏறத்தாழ 76 அளவுள்ள சாம்பலாகிறது. 130 அளவுள்ள தூய பச்சையும் அதே 76 ஆகிறது. சாம்பலிலிருந்து பின்னோக்கிச் சென்று, அது சிவப்பா பச்சையா என்று கூற எந்தக் கணக்காலும் இயலாது. படச்சுருளின் ஒளியுணர்வு வகையும் தெரியாதபோது ஐயம் மேலும் பெருகுகிறது. எனவே கறுப்பு வெள்ளைப் பதிவின்மீது ஏற்றப்படும் நிறம், படத்திற்குள்ளிருந்து வருவதன்று. வெளிச்சான்றிலிருந்தோ, ஏற்றுபவரின் கருத்திலிருந்தோ வருவது.

ஏற்றும் முறை

தொடக்ககாலத்தில் இது தூரிகை வேலை. பாரிஸில் எலிசபெத் துய்லியே நடத்திய பட்டறையில் பெண்கள் ஆளுக்கொரு நிறமாகப் பகுத்துக்கொண்டு மெலியேயின் படங்களுக்கு வண்ணம் தீட்டினர். 1903இல் வெளியான ‘தி கிரேட் ட்ரெயின் ராபரி’ படத்தின் சில பிரதிகளில் துப்பாக்கிப் புகை, ஆடும் பெண்களின் உடை ஆகியவை மட்டும் நிறம் பெற்றன. பின்னர் பாத்தே நிறுவனம் ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனி அச்சுத்தகடு வெட்டி வண்ணமேற்றும் முறையைப் பெருந்தொழிலாக்கியது.

கணினி வழியிலும் அடிப்படை மாறவில்லை. நிறம் பெறவேண்டிய பொருளின் விளிம்பை வரைந்து, மாஸ்க் எனப்படும் மறைப்பு உருவாக்கப்படுகிறது. நொடிக்கு 24 சட்டகம் எனக் கொண்டால் பத்து நொடிக் காட்சிக்கு 240 சட்டகங்களில் அந்த விளிம்பு பொருளைப் பின்தொடரவேண்டும். ஒரு கை குறுக்கே வந்தாலும், துணி மடிந்தாலும் விளிம்பைத் திருத்தவேண்டும். பின்பு ஒளிர்வை மாற்றாமல் சாயலும் செறிவும் மட்டும் சேர்க்கப்படுகின்றன. இங்கே ஓர் எல்லை உண்டு: முழு வெள்ளையும் முழுக் கறுப்பும் நிறத்தை ஏற்பதில்லை, இடைப்பட்ட சாம்பலே ஏற்கும். மிகையாக ஒளிபட்ட சட்டையைச் சிவப்பாக்க வேண்டுமெனில் ஒளிர்வையே குறைத்தாகவேண்டும். அப்போது மாறுவது நிறம் மட்டுமன்று, பதிவும்தான். இணையக் காணொளிகளில் நிறத் தகவல் ஒளிர்வைக் காட்டிலும் கால்பங்கு நுணுக்கத்திலேயே சேமிக்கப்படுவதால், கவனமாக வரைந்த சிவப்பும் விளிம்பில் கசிவதுண்டு.

1998இல் வந்த ‘ப்ளெசன்ட்வில்’ இதற்கு நேரெதிரான வழியில் சென்றது. படம் முழுதும் வண்ணத்தில் எடுக்கப்பட்டு, வேண்டாத இடங்களில் நிறம் நீக்கப்பட்டது. அங்கே எஞ்சியிருக்கும் நிறம் ஒளிப்படக்கருவி கண்டது. பொத்தெம்கின் கொடியில் இருப்பது தூரிகை வைத்தது.

அடையாளம் காட்டும் நிறம்

குரோசாவாவின் ‘ஹை அண்ட் லோ’ (1963) ஒரு கடத்தல் வழக்கைப் பற்றிய கறுப்பு வெள்ளைப் படம். பணப்பையை எரித்தால் நிறப்புகை எழும்படி காவலர்கள் ஏற்பாடு செய்கின்றனர். பின்னர் நகரின் ஒரு புகைபோக்கியிலிருந்து இளஞ்சிவப்புப் புகை எழுகிறது. இதனைக் குறியீடாகக் கொள்வது மிகை. அது தடயம். ஸ்பீல்பெர்க்கின் ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ (1993) படத்தில் வரும் சிவப்பு மேலங்கியும் இவ்வகையதே. கிராகோவ் யூதக் குடியிருப்பு அழிக்கப்படும்போது கூட்டத்திற்குள் நடந்துசெல்லும் சிறுமியின்மீது அந்நிறம் முதலில் விழுகிறது. பிறகு வண்டியில் கிடத்தப்பட்ட உடல்களுக்கிடையே அதே சிவப்பு மீண்டும் தெரிகிறது. முகம் தெரியவேண்டிய தேவையே இல்லாமல், இறந்தவள் யார் என்பதைப் பார்வையாளர் அறிகின்றனர். துயரத்தின் அடையாளம் சிவப்பு என்னும் விளக்கம் இக்காட்சியின் வலிமையைக் குறைத்துவிடுகிறது. எண்ணிக்கையாகிவிட்ட உடல்களுள் ஒன்றை மீண்டும் ஒருத்தியாக்குவதே அந்நிறத்தின் பணி.

ஆவணத்தில் எழும் சிக்கல்

புனைவில் இவ்வுரிமை இயக்குநருக்கு உண்டு. ஆவணப் பதிவில் நிலைமை வேறு. பீட்டர் ஜாக்சனின் ‘தே ஷல் நாட் க்ரோ ஓல்ட்’ (2018), லண்டன் போர் அருங்காட்சியகத்தின் முதல் உலகப்போர்ப் பதிவுகளுக்கு முழுமையாக வண்ணமேற்றியது. அதனை ஏற்காதவர்களும் அது மறுவாக்கம் என்பதை எளிதில் உணர்வர். காட்சி முழுவதும் மாறியிருப்பதே அதற்கு அறிவிப்பு. தேர்வு வண்ணமோ நுட்பமான இடர்ப்பாட்டைத் தருகிறது. ஒரு பழைய ஊர்வலக் காட்சியில் ஒரு கொடிக்கு மட்டும் சிவப்பு ஏற்றப்பட்டால், சுற்றியுள்ள சாம்பல் தன் பழமைக்குரிய நம்பகத்தை அச்சிவப்புக்கும் கடனளிக்கிறது. தொடப்படாத பகுதியே தொடப்பட்ட பகுதிக்குச் சாட்சியாகிவிடுகிறது. அக்கொடி பச்சையாக இருந்திருக்கவும் கூடும். அந்த வாய்ப்பைப் படம் மறைக்கிறது, பார்வையாளரும் கேட்பதில்லை. ஊர்வலத்தில் யார் கொடி எது என்பது அரசியல் வரலாற்றின் கேள்வியாக இருக்கும்போது இது சிறு பிழையாகாது.

ஏற்றிய நிறத்தின் மற்றொரு இயல்பும் கருதத்தக்கது. பிரதியில் தீட்டிய வண்ணம் மூல நெகடிவில் இல்லை. நெகடிவிலிருந்து எடுக்கப்படும் எந்தப் பிரதியிலும் பொத்தெம்கின் கொடி வெள்ளையாகவே தோன்றும். 2005இல் முடிந்த மறுசீரமைப்பில் சிவப்பைத் திரும்பவும் தனியே சேர்க்கவேண்டியிருந்தது. இன்றைய கணினிக் கோப்பில் இந்நிலை தலைகீழ். நிறம் ஏற்றிய காணொளியை ஒரே அடுக்காக்கிச் சேமித்துவிட்டால், பிரித்தெடுக்க மூலம் எஞ்சுவதில்லை. மூலப்பதிவு, மறைப்புக் கோப்பு, நிறத்தைத் தெரிந்தெடுத்ததற்கான சான்றுக் குறிப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே காத்தால், பின்வரும் ஆய்வாளர் அந்தச் சிவப்பை அகற்றிவிட்டுக் காட்சியை மீண்டும் பார்க்க இயலும்.